நட்ட பள்ளமும் நிஜப் பள்ளமும்

அவளுடைய போன் மேசையில் உறுமத் தொடங்கினால் எங்கள் அறையில் எல்லோருக்கும் கை நின்றுவிடும். அவள் மட்டும் திரையில் பார்த்துக்கொண்டிருந்ததை நிதானமாக முடித்து, பொத்தானை அமுக்கிவிட்டு, பிறகுதான் போனை எடுப்பாள். "சொல்லுண்ணா" என்பாள். அவ்வளவுதான் அவள் பேசுவது. மறுபக்கத்திலிருந்து வருவது எங்களுக்கெல்லாம் மனப்பாடம். நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கு, மூச்சு ஏற மாட்டேங்குது, நீ வர முடியுமா, முடியாட்டிப் பரவால்ல. அந்தக் கடைசி வார்த்தையில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வான்னு ஒரு அதட்டல் போட்டால்கூட மாட்டேன் என்று சொல்லிவிடலாம். பரவாயில்லை என்பவரிடம் என்ன சொல்வது? அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு, "போய்ப் பாத்துட்டு வந்துடறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கிவிடுவாள்.

இதில் உனக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். பக்கத்து நாற்காலி நான். அவள் பாதியில் விட்டுப் போகிற வேலை என் தலையில்தான் விழும். ஆனால் கோபம் அதற்காக இல்லை. நாற்பதைத் தாண்டிய ஒரு பெண், படித்தவள், சம்பாதிக்கிறவள், ஒரு ஆளின் இருமலுக்குப் பயந்து வீட்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவில் நூல் கட்டின பொம்மையாக ஓடிக்கொண்டிருந்தால் பார்க்கிறவர்களுக்குக் கோபம் வரத்தான் செய்யும். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே வரும். என் சுபாவம் அப்படி.

எங்கள் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெளியே கேட்டால் நட்சத்திரம் பார்க்கிற வேலை என்போம். ஆனால் எங்களில் ஒருவரும் வேலைக்காக வானத்தை நிமிர்ந்து பார்த்தது கிடையாது. தொலைநோக்கி எங்கோ ஒரு மலையில் இருக்கிறது. அது தன்பாட்டுக்குப் பார்த்து முடித்து, ஒவ்வொரு நட்சத்திரத்தின் வெளிச்சமும் எப்படி இருந்தது என்பதை ஒரு கோடாக்கி அனுப்பிவிடும். கணினி அதில் முக்கால்வாசியைக் கழித்துக்கட்டும். தனக்குச் சந்தேகமானதை எங்கள் தலையில் கட்டும். இரண்டாவது மாடியில் ஜன்னலை அடைத்துத் திரை போட்ட ஓர் அறை, அதில் நாங்கள் ஐந்தாறு பேர், ஒரு கெட்டில், கறை போகாத கோப்பைகள். வெயில் கணினித் திரையில் பட்டால் கோடு தெரியாது என்பதால் எங்களுக்குப் பகல் என்பதே கிடையாது.

ஒரு கோள் தன் நட்சத்திரத்துக்குக் குறுக்கே போனால் வெளிச்சம் கொஞ்சம் குறையும். கோடு சரிந்து, சிறிது நேரம் தட்டையாக ஓடி, மறுபடி ஏறும். அந்த இறக்கத்துக்கு எங்கள் அறையில் பள்ளம் என்று பெயர். அடி தட்டையாக இருந்தால் கோளாக இருக்கலாம். கூராக இருந்தால் பெரும்பாலும் இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று மறைத்து விளையாடுகின்றன என்று அர்த்தம். எங்கள் முன்னால் மூன்று பொத்தான்கள். கோள், இரட்டை, ஒன்றுமில்லை. நாள் பூராவும் இந்த மூன்றில் ஒன்றை அமுக்குவதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

எங்களுக்கு வேண்டியது எல்லாக் கோளும் அல்ல, ராட்சசர்கள் மட்டும். நம்முடைய வியாழன் சூரியனை விட்டு வெகுதூரம் தள்ளி நின்று, பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருதரம் மரியாதையாகச் சுற்றி வருகிறது. அதே உருவத்தில், ஆனால் தன் நட்சத்திரத்தின் மடியிலேயே உட்கார்ந்துகொண்டு மூன்று நாலு நாளில் ஒரு சுற்றை முடிக்கிற கோள்கள் உண்டு. ஒரே முகத்தையே நட்சத்திரத்துக்குக் காட்டிக்கொண்டு, வெந்துகொண்டே சுற்றுகிறவை. கோள்களைத் தேடத் தொடங்கிய காலத்தில் முதலில் சிக்கியவற்றில் இவைதான் அதிகம் என்பதால், வானம் பூராவும் இவைதான் போல என்று பலரும் மலைத்துப் போனார்கள். உருவம் பெரிசு, இருப்பது பக்கத்தில், அடிக்கடி குறுக்கே வரும், கண்ணில் படாமல் என்ன செய்யும்? நிதானமாக எண்ணிப் பார்த்தபோதுதான், சூரியனைப் போன்ற நட்சத்திரங்களில் நூறுக்கு ஒன்று, இருநூறுக்கு ஒன்று தேறினால் அதிகம் என்று தெரிந்தது. இரும்பு போன்ற கனமான சரக்கு கூடுதலாக உள்ள நட்சத்திரங்களில் கொஞ்சம் தாராளம். சின்னஞ்சிறு சிவப்பு நட்சத்திரங்களில் அத்தி பூத்த மாதிரி. எந்த மாதிரி நட்சத்திரத்துக்கு எத்தனை ராட்சசன் என்று சொல்வதுதான் எங்கள் இடத்தின் ஆராய்ச்சி.

இப்படிச் சொல்வதற்கு எத்தனை கண்டோம் என்பது மட்டும் தெரிந்தால் போதாது. எத்தனையைக் கோட்டை விட்டோம் என்பதும் தெரிய வேண்டும். கோட்டை விட்டதை எப்படி எண்ணுவது? அதற்கு எங்கள் மேடம் ஒரு வேலை செய்வார். நிஜ நட்சத்திரங்களின் கோடுகளில் அங்கங்கே பொய்ப் பள்ளங்களை நட்டு, எங்களுக்குச் சொல்லாமல் கலந்து அனுப்பிவிடுவார். நட்டதில் நாங்கள் எத்தனையைப் பிடித்தோம் என்பது கடைசியில் தெரியும். அந்த நாளுக்குப் பெட்டி திறக்கிற நாள் என்று பெயர். பெட்டி என்று ஒன்றும் கிடையாது, மேடத்தின் கணினியில் ஒரு கோப்பு, அவ்வளவுதான். அதுவரை ஒவ்வொரு பள்ளத்தையும் நிஜம் என்று நினைத்தே பார்க்க வேண்டும். "இது நட்டது மாதிரி இருக்கே" என்று யாராவது வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அன்றைக்கு எல்லோருடைய கோப்பைகளையும் அவர்தான் கழுவ வேண்டும். வருஷக்கணக்கில் அந்தத் தொட்டியடியில் அதிகம் நின்றது நான்தான். எனக்கு வாய் நிற்காது.

அவளுக்கு எங்கள் அறையில் பெயர் பள்ளம். கேட்க ஒரு மாதிரி இருந்தாலும் பிரியமாக வைத்த பெயர். நாங்கள் வெறும் நடுக்கம் என்று தள்ளிவிடுகிற கோட்டில் அவளுக்கு ஓர் இறக்கம் தெரியும். பாதிக்குப் பாதி அங்கே ஒன்றும் இருக்காது. ஆனால் இருப்பதை அவள் விட்டதாக யாரும் சொல்ல முடியாது. அவளுடைய அண்ணனுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தோம், வியாழன் என்று. அதை அவள் காதுபடச் சொன்னதில்லை.

அண்ணனைப் பற்றி அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குப் பால்பல் விழுகிற வயது. அவருக்கு மீசை அரும்பியிருந்தது. மீன் பெட்டிகளை உறையவைத்து அடுக்குகிற குளிர் கிடங்கு ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். உள்ளே போனால் மூக்கு முடி விறைத்துப்போகுமாம். அதற்கென்று கொடுத்த மொத்தமான கோட்டு இன்றைக்கும் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. உறைந்த பெட்டிகளைத் தூக்கித் தூக்கி விரல் நுனியில் உணர்ச்சி செத்துவிட்டது. அந்த விரல்களால்தான் தங்கைக்குத் தலை பின்னிவிட்டிருக்கிறார். எவ்வளவு இறுக்குகிறோம் என்று அவருக்குத் தெரியாது. அவள் கண்ணில் நீர் முட்ட முட்டப் பள்ளிக்கூடம் போவாள், ஒருநாளும் சொன்னதில்லை. பரீட்சை எழுதும்போது வெளியே நிற்பார். அவளைக் கல்லூரிக்கு அனுப்பினார். தனக்கென்று ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளவில்லை. இதையெல்லாம் கேட்ட பிறகு அவரைத் திட்ட வாயெடுத்தாலும் பாதி வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடும். அதனாலும் எனக்குக் கோபம்.

ஒருமுறை அவளுக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. எங்கள் கட்டடத்தில் கணினிகளைப் பழுது பார்க்க வருகிறவர், நல்ல மனுஷன், இவள் சிரிக்காத ஜோக்குக்கும் இவள் முகத்தைப் பார்த்தே சிரிப்பார். அவர் இவள் வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போன அன்றைக்குத்தான் அண்ணனுக்கு முதன்முறையாக நெஞ்சு வலித்தது. அது நிஜ வலி. ஆஸ்பத்திரியில் சேர்த்து, ரத்தக் குழாயில் அடைப்பு என்று சரிசெய்து அனுப்பினார்கள். கிடங்கு வேலையும் போயிற்று, கல்யாணப் பேச்சும் போயிற்று. டாக்டர், "நல்லா ஆயிட்டார், நடக்கச் சொல்லுங்க" என்றுதான் சொன்னார். ஆனால் அந்த ஒரு நிஜத்தை வைத்துக்கொண்டு அண்ணன் இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டார்.

நான் அவர்கள் வீட்டுக்கு முதலில் போனது ஒரு மூக்குக் கண்ணாடியால். போன் வந்து ஓடின அவசரத்தில் அதை மேசையிலேயே விட்டுவிட்டாள். அது இல்லாவிட்டால் அவளுக்கு எதிரில் இருப்பது சுவரா கதவா என்று தெரியாது. வழியில் மருந்துக்கடைக்கும் போக வேண்டும் என்று சொல்லியிருந்தாள். சரி, நானே வீட்டில் கொடுத்துவிடலாம் என்று கிளம்பினேன். மேல் மாடி, லிப்ட் கிடையாது. மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினேன். கதவு திறந்திருந்தது. உள்ளே கூடத்தின் நடுவில் ஸ்டூலைப் போட்டு, அதன் மேல் நின்றுகொண்டு, வாயில் ஸ்குரூவைக் கடித்தபடி, ஏதோ பாட்டை முனகிக்கொண்டே மின்விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தார் நெஞ்சுவலிக்காரர். ஆஜானுபாகு. அந்தச் சின்னக் கூடத்தில் அவர் நின்றால் வேறெதற்கும் இடமில்லை.

என்னைப் பார்த்ததும் இறங்கினார். அவசரமே இல்லை. ஸ்டூலை ஓரமாகத் தள்ளினார், ஸ்குரூக்களைச் சட்டைப்பையில் போட்டார், தங்கையின் அறை வாசலை ஒட்டிப் போட்டிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார், அதன் பிறகுதான் மூச்சு வாங்கத் தொடங்கியது.

"நீதான பக்கத்து சீட்டு? உக்காரும்மா. தங்கச்சி இன்னும் வரல. ஒண்ணுமில்ல, காலையிலேர்ந்து லேசா ஒரு மாதிரி..."

"பேன் ரிப்பேருங்களா?" என்றேன்.

"கடகடன்னு சத்தம். அவளுக்குத் தூக்கம் வராது, பாவம்" என்றார். முகத்தில் கள்ளத்தனமே இல்லை. தங்கை மேல் இருந்த அக்கறை அப்படியே தெரிந்தது. நான் கண்ணாடியை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் அவள் வந்து உட்காருவதற்குள் கொட்டித் தீர்த்துவிட்டேன். ஸ்டூல், ஸ்குரூ, பாட்டு, ஒன்று விடவில்லை. அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"தெரியும்" என்றாள்.

"என்னடி தெரியும்?"

"பொய்யின்னு தெரியும். ரொம்ப நாளாவே."

அதுவரை அவளை ஏமாளி என்று நினைத்துத்தான் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"தெரிஞ்சுமா ஓடற?"

"தெரிஞ்சா மட்டும்? பாக்காம இருக்க முடியுமா? ஒண்ணு நிஜமா இருந்துட்டா?"

"உங்கண்ணனோடது எல்லாமே நட்டதுடி!" என்று கத்திவிட்டேன்.

அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மூலையில் இருந்தவர் தன் கோப்பையை நீட்டினார். அன்றைக்கு எல்லாக் கோப்பையையும் கழுவினேன். அவள் பக்கத்தில் நின்று துடைத்துக் கொடுத்தாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாளா அழுதுகொண்டிருந்தாளா என்று குழாய்ச் சத்தத்தில் எனக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நாளில் மேடம் அவளைக் கூப்பிட்டுப் பேசினார். இந்தக் கணக்கு முடிந்ததும் அடுத்தது சின்னச் சிவப்பு நட்சத்திரங்கள் மட்டும். அவற்றை ஓயாமல் பார்க்கப் போகிறார்கள். பள்ளம் என்று பட்டால் உடனே அங்கேயே முடிவு சொல்ல ஒரு ஆள் மலையில் தங்க வேண்டும். இரண்டு வருஷம். தனிக் குடியிருப்பு உண்டு. "உன்னையும் நினைச்சிருக்கேன், இன்னொருத்தரையும் நினைச்சிருக்கேன். பெட்டி திறக்கிற அன்னிக்கு நீ முடிவு சொல்லணும்" என்றார்.

அதை என்னிடம் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். ஜன்னல் இருக்காமே என்றாள். குடியிருப்பில் மலையைப் பார்த்து ஒரு ஜன்னல் இருக்கிறதாம். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணனை விட்டுட்டு எப்படி?" என்றாள். ஜன்னல் அத்தோடு மூடிக்கொண்டது.

"நான் பாத்துக்கறேன், அவர்கிட்ட என் நம்பரைக் குடு" என்றேன். வாய் நிற்காது என்று முன்பே சொன்னேன் அல்லவா.

அந்தச் சமயத்தில்தான் சிவப்பி வந்தாள். ஒரு சின்ன, மங்கலான சிவப்பு நட்சத்திரம். கோடு பூராவும் நடுக்கம். ஆனால் அந்த நடுக்கத்துக்குள் ஆழமாக, அடி தட்டையாக, முறை தவறாமல் ஒரு பள்ளம். மூன்று நாளுக்கு ஒருதரம் திரும்பத் திரும்ப. அவ்வளவு சின்ன நட்சத்திரத்தின் மடியில் அவ்வளவு பெரிய ராட்சசன். இருக்கவே கூடாது, ஆனால் இருந்தது. அவள் "கோள்" என்ற பொத்தானை அமுக்கிவிட்டு, என் தோளைத் தட்டி, பார் என்றாள். பார்த்தேன். எனக்குத் தோன்றியதைச் சொல்லியிருந்தால் கோப்பை கழுவியிருக்க வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அவளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். ஆனால் அதன் மேல் ஒரு பந்தயம் கட்டிவிட்டாள். சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சிவப்பி நிஜம்னா நான் மலைக்குப் போறேன். நட்டதுன்னா இங்கயே இருந்துடறேன். என்னால முடிவெடுக்க முடியல. அது எடுக்கட்டும்."

"உனக்குக் கிறுக்கு புடிச்சிருக்கு" என்றேன். படித்தவள் செய்கிற காரியமா இது? ஆனால் அன்றிலிருந்து நானும் அந்தப் பாழாய்ப்போன நட்சத்திரத்துக்காக வேண்டிக்கொள்ள ஆரம்பித்தேன்.

பெட்டி திறந்த நாள் காலையில் அறை நிறைந்துவிட்டது. மேடம் சுவரில் பெரிய திரை போட்டு நட்டவற்றை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார். பிடித்தவர்கள் கை தட்டினார்கள், விட்டவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். நான் விட்டவற்றைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது. அவள் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முடிகிற சமயத்தில் சிவப்பி வந்தாள். அடி தட்டை, ஆழம், மூன்று நாள். "இது நான் நட்டது" என்றார் மேடம். தனக்கே பிடித்துப்போன குறும்பு போலச் சிரித்தார். நான் திரும்பிப் பக்கத்தில் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை. ராட்சசன் இல்லை, மலை இல்லை, ஜன்னலும் இல்லை என்று என் மனசுக்குள் ஒவ்வொரு விளக்காக அணைந்துகொண்டே வந்தது.

எல்லோரும் கலைந்த பிறகு மேடம் அவளை நிறுத்திக்கொண்டார். நானும் நகரவில்லை, என்னைப் போகச் சொல்லவும் இல்லை.

"நட்டதுல ஒண்ணைக்கூட நீ விடல. இத்தனை வருஷத்துல இப்படி ஒருத்தரை நான் பாத்ததில்ல" என்றார் மேடம். "ஆனா இன்னொரு பக்கம் இருக்கு. ஒண்ணுமே இல்லாத எடத்துல கோள்னு அமுக்கினதும் நீதான் அதிகம். நீ எதையும் விடல, ஏன்னா உன்னால எதையுமே ஒதுக்க முடியல."

அவள் தலையாட்டினாள்.

"இங்க அது பரவால்ல. அங்க ஆகாது. சிவப்பு நட்சத்திரத்துல ராட்சசனே அபூர்வம். எது அவ்வளவு அபூர்வமோ, அதோட பேர்ல வர்ற கூப்பாடு அத்தனையும் கிட்டத்தட்ட பொய்தான். ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஓடினா ராத்திரி பூரா தொலைநோக்கியைத் திருப்பித் திருப்பியே வீணடிச்சுடுவ. பாத்துட்டு, ஒண்ணுமில்லன்னு சொல்லி விட்டுடத் தெரியணும். உன்னால முடியுமா?"

அப்போது பார்த்து மேசையில் போன் உறுமியது.

மூன்று பேரும் அதைப் பார்த்தோம். அண்ணா என்று திரையில் எழுத்து மின்னியது. அவள் கை பழக்கத்தில் எழுந்து பாதி வழி போய் நின்றது. உறுமல் நின்றது. மறுபடி ஆரம்பித்தது. போன் மேசையில் நகர்ந்து நகர்ந்து விளிம்புவரை வந்தது. அவள் அதைப் பார்த்த பார்வை எனக்குத் தெரிந்த பார்வைதான். கோட்டைப் பார்க்கிற பார்வை. அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது, மேலுதட்டில் வியர்த்திருந்தது.

"ஒண்ணுமில்ல" என்றாள். சத்தமே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். பிறகு மேடத்தைப் பார்த்து, "மலைக்கு நான் போறேன் மேடம்" என்றாள்.

நட்சத்திரத்தின் மேல் கட்டிய பந்தயத்தில் தோற்றவள் அதைச் சொன்னாள் என்பதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம்.

ஆபீஸ் விடுகிறவரை உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தாள் என்றுதான் சொல்ல முடியும், ஒரு பொத்தானும் அமுக்கவில்லை. அவளைத் தனியாக அனுப்ப எனக்குப் பயமாக இருந்தது. கூடவே நடந்தேன். அவள் தெருமுனையை நெருங்க நெருங்க நடை ஓட்டமாகிவிட்டது. "செத்துக் கிடந்தா?" என்றாள் திடீரென்று. "நிஜமா இருந்தா என்னடி பண்ணுவேன்?" நானும் அவளோடு ஓடத் தொடங்கினேன். காலையில் இருந்த வீரமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

தெருமுனையில் ஒரு சலூன். அதைத் தாண்டும்போது உள்ளேயிருந்து பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் நின்றுவிட்டாள்.

நாற்காலியில் கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தி, கன்னமெல்லாம் நுரையோடு அண்ணன் உட்கார்ந்திருந்தார். சலூன்காரர் ஏதோ சொல்ல, வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டே எதிரிலிருந்த கண்ணாடியில் தங்கையைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. துணிக்கு அடியில் அவர் கை மெல்ல நகர்ந்து நெஞ்சுக்குப் போனது.

நான் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடலாம் என்று வாசலில் கால் வைத்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அவர் பிழைத்திருக்கிறாரே என்ற சந்தோஷம் அல்ல அது. இத்தனை வருஷமும் தான் போகாவிட்டாலும் அவர் சவரம் செய்துகொண்டு சிரித்துக்கொண்டுதான் இருந்திருப்பார் என்ற துக்கம். அதை அவள் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

சவரம் முடிகிறவரை வெளியே நின்றோம். அவர் வந்தார். மூவரும் படி ஏறினோம். பாதிக்கு மேல் அவருக்கு மூச்சு வாங்கியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது நடிப்பா நிஜமா என்று எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம். அவள் ஒரு படி கீழே இறங்கி அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள். அவசரப்படாமல் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லண்ணா. மெதுவா ஏறு" என்றாள்.

அவர் ஏறினார். வீட்டுக்குள் போய் அவள் அறை வாசலில் இருந்த அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் அவள் நின்றபடியே சொல்லிவிட்டாள். மலை, இரண்டு வருஷம், அடுத்த மாசம். அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நெஞ்சுக்குப் போகப்போகிறது என்று. போகவில்லை. மடியிலேயே கிடந்தது.

"அங்க குளிருமா?" என்று கேட்டார்.

"குளிரும்ணா."

எழுந்து போய்க் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்தார். தூசி தட்டினார். அவள் தோளில் போட்டுப் பொத்தான் மாட்டிவிடப் பார்த்தார். உணர்ச்சியில்லாத விரல்களுக்குப் பொத்தான் பிடிபடவில்லை, நழுவி நழுவிப் போயிற்று. அவள் கைகளைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு, அவர் மாட்டி முடிக்கிறவரை அசையாமல் நின்றாள். நான் இறங்கி வந்துவிட்டேன்.

அவள் மலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஜன்னல் நிஜமாகவே இருக்கிறதாம். சிவப்பு நட்சத்திரங்களில் ஒரு ராட்சசனும் இன்னும் அகப்படவில்லை, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று அனுப்பிக்கொண்டிருக்கிறாள். அதுவும் எங்களுக்கு வேண்டிய பதில்தான். இல்லாதவற்றையும் எண்ணினால்தான் இருப்பது எவ்வளவு என்று சொல்ல முடியும். அவள் குரலில் ஒரு தெளிவு வந்திருக்கிறது. எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

அவள் கிளம்பிய வாரமே என் போன் மேசையில் உறுமியது. தெரியாத எண்.

"ஏம்மா, பக்கத்து சீட்டு தான? தங்கச்சி நம்பர் குடுத்துட்டுப் போனா. நெஞ்சு கொஞ்சம் அடைக்கிற மாதிரி இருக்கு. உன்னால வர முடியுமா? முடியாட்டிப் பரவால்ல."

நட்டது என்று மனசுக்குள் உரக்கச் சொன்னேன். ஸ்டூலை நினைத்துக்கொண்டேன், சலூனை நினைத்துக்கொண்டேன். மேடம் சொன்னது அத்தனையும் வரி பிசகாமல் ஞாபகம் வந்தது. திரையில் இருந்த கோட்டைப் பார்த்து ஒரு பொத்தானை அமுக்கினேன், எதை என்று தெரியாது. பிறகு பார்த்தால் கைப்பை என் தோளில் இருக்கிறது. அறையில் எல்லோரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார்கள்.

"போய்ப் பாத்துட்டு வந்துடறேன்" என்றேன்.

அத்தனை படியும் ஏறிப் போனேன். கதவு திறந்திருந்தது. அந்த நாற்காலியை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். கதவுக்குப் பின்னால் ஆணி மட்டும் இருந்தது. அவர் முகத்தை எனக்குத் தெரிந்த அளவுக்கு நன்றாகப் பார்த்தேன். நிறம் சரியாக இருந்தது, மூச்சும் சரியாக இருந்தது.

"ஒண்ணுமில்லண்ணா" என்றேன்.

"அப்படியா?" என்றார். நிஜமாகவே நிம்மதி அடைந்தவர் போலத் தெரிந்தார். நான் உட்காரவில்லை. கோபத்தோடு திரும்பி வாசல்வரை வந்துவிட்டேன்.

"ஏம்மா" என்று கூப்பிட்டார். "நாளைக்கும் இதே நேரத்துக்குப் போன் பண்ணட்டுமா?"

"பண்ணுங்க" என்று சொல்லிவிட்டேன்.